சர்க்குலர் நோட்டா, வாட்ஸ்அப்பா, மெயிலா, வாரத் தாளா? கேம்பஸ்ல ஸ்டாஃபுக்கு சேதி போய்ச் சேர எது சரிப்பட்டு வரும்

எங்க யுனிவர்சிட்டில போன மாசம் ஒரு கமிட்டி போட்டாங்க, ஸ்டாஃபுக்குப் போற அறிவிப்பெல்லாம் இனிமே எந்த வழியா போகணும்னு ஒரு முடிவுக்கு வரதுக்கு. மொத்தம் ஏழு பேர், டீச்சிங்ல அஞ்சு, நான்-டீச்சிங்ல ரெண்டு, அந்த ரெண்டுல நான் ஒருத்தன். எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன்ல இருபத்திரெண்டு வருஷமா இருக்கேன், சர்க்குலருக்கு டிராஃப்ட் போட்டு ரிஜிஸ்ட்ரார் கையெழுத்து வாங்கி நம்பர் போட்டு டெஸ்பாட்சுக்கு அனுப்புறதுதான் என் வேலையே. மொத மீட்டிங்லயே பாதிப் பேர் "எல்லார் கையிலயும் போன் இருக்கு சார், வாட்ஸ்அப் ஒண்ணு போதும், மத்ததை நிறுத்திடலாம்"னு சொல்லிட்டாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ஆனா ஏன்னு அங்க அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயமும் இல்ல. அதான் இங்க உக்காந்து முழுசா எழுதறேன், இதே கேள்வியோட வேற காலேஜ்ல உக்காந்திருக்கறவங்களுக்கும் உதவும்.

முதல்ல ஒரு சம்பவம் சொல்றேன். 2023-24 நிதியாண்டுல இருந்து வருமான வரில புது முறைதான் டீஃபால்ட், பழைய முறை வேணும்னா நாமளா எழுதிக் கொடுக்கணும்னு ஆச்சு இல்லையா, அந்த வருஷம் எங்க அக்கவுன்ட்ஸ்ல இருந்து ஒரு அறிவிப்பு வந்துச்சு, எந்த முறை வேணும்னு இந்தத் தேதிக்குள்ள ஃபார்ம் கொடுங்க, கொடுக்கலன்னா புது முறைலதான் பிடிப்போம்னு. அதை யாரோ போன்ல போட்டோ எடுத்து ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு ஆல் ஸ்டாஃப் குரூப்ல போட்டாங்க. அன்னைக்குன்னு பாத்து ஒரு சீனியர் புரொஃபசர் ரிட்டயர் ஆன நாள், வாழ்த்து, மாலை போட்ட போட்டோ, கும்பிடு போடற எமோஜின்னு அறுவது எழுவது மெசேஜ் மேல மேல விழுந்திருக்கு. எங்க லேப் அசிஸ்டன்ட் அண்ணன் ஒருத்தர் அந்தக் குரூப்பை ம்யூட்ல வச்சிருந்தார், மறுநாள் திறந்து பாத்தா மாலையும் பொன்னாடையுமா இருக்கு, மேல தள்ளிப் பாக்காம மூடிட்டார். அவருக்கு வருஷச் சம்பளம் ஒம்பது லட்சம் கிட்ட, வீட்டு லோன் வட்டி ரெண்டு லட்சம், பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேத்து 80சி-ங்கற சேமிப்புக் கழிவுல ஒன்றரை லட்சம், அம்பதாயிரம் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன். பழைய முறைல போட்டா அஞ்சு லட்சத்துல வந்து நிக்கும், வரியே கிடையாது. புது முறைல லோன் வட்டியும் 80சி-யும் கழியாது, அதுல போட்டதால வரி 41,600 ரூபா, அதையும் ஜனவரி பிப்ரவரி ரெண்டு மாசச் சம்பளத்துல பிடிச்சாங்க. ரிட்டர்ன் ஃபைல் பண்றப்போ பழைய முறைக்கு மாத்தி ரீஃபண்ட் வாங்கிட்டார்தான், ஆனா அது வந்து சேந்தது செப்டம்பர்ல, நடுவுல பொண்ணோட காலேஜ் ஃபீஸ் கட்ட வீட்ல வளையலை அடகு வச்சாங்க. "ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருந்தா கொடுத்திருப்பேனே சார்"னு என் டேபிள் முன்னாடி நின்னு கேட்டார், எனக்கு பதில் சொல்லத் தெரியல.

அதுல இருந்து எந்த வழியைப் பத்திப் பேசினாலும் நான் ரெண்டே ரெண்டுதான் கேக்குறேன். இந்த வழில போனா கடைசியா தெரிஞ்சுக்கப் போறது யாரு, எப்போ. அப்புறம், ஆறு மாசம் கழிச்சு அந்த அறிவிப்பை ஒருத்தர் தேடினா கைக்குக் கிடைக்குமா. எவ்வளவு வேகமா போச்சுங்கறதை எல்லாரும் பேசறாங்க, அந்த வேகம் மொதல்ல பாக்கற நூறு பேருக்குத்தான்.

பழைய சர்க்குலர் நோட்டுல இருந்து வரேன். தெரியாத இளைய ஆளுங்களுக்காகச் சொல்றேன், நீளமான கெட்டி அட்டை போட்ட ரிஜிஸ்டர், இடது பக்கம் சர்க்குலரை பசை தடவி ஒட்டியிருப்போம், வலது பக்கம் கோடு போட்டு ஒவ்வொரு டிபார்ட்மென்ட் பேரும் இருக்கும், எச்ஓடி, அதாவது துறைத் தலைவர், பாத்துட்டு இனிஷியல் போட்டு தேதி போடணும், அப்புறம் அவர் தன் டிபார்ட்மென்ட்ல எல்லார்கிட்டயும் காட்டணும். எங்க அட்டெண்டர் அக்கா அந்த நோட்டை மார்போட அணைச்சுக்கிட்டு அட்மின் பில்டிங்ல இறங்கி, சயின்ஸ் பிளாக், ஆர்ட்ஸ் பிளாக், லைப்ரரி, ஹெல்த் சென்டர், ஹாஸ்டல் ஆபீஸ், கடைசியா கிரவுண்டுக்குப் பின்னாடி இருக்கற பிசிக்கல் எஜுகேஷன் வரைக்கும் நடப்பாங்க. முப்பத்திநாலு இடம், ஒரு சுத்து முடிய ரெண்டு நாள், எச்ஓடி வெளி வேலையா ஓ.டி.ல போயிருந்தா மூணு. வியாழக்கிழமை மீட்டிங்குக்கு வெள்ளிக்கிழமை நோட்டு வந்து நின்ன கதையெல்லாம் எல்லா கேம்பஸ்லயும் இருக்கும்.

ஆனா அந்தக் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கு, அதை லேசா எடுத்துக்கக் கூடாது. எக்ஸாம் டியூட்டி போட்டு ஒருத்தர் வரல, எனக்குத் தெரியாதுங்கறார், அப்போ என்ன பண்ணுவீங்க, நோட்டைத் திருப்புவீங்க, அதுல அவர் இனிஷியல் தேதியோட இருக்கு, விஷயம் அங்கயே முடிஞ்சுடும். மெமோ மாதிரி ஆளுக்குத் தனியா போற கடிதத்துக்கெல்லாம் அக்னாலெட்ஜ்மென்ட் இல்லாம ஒண்ணும் செல்லாது. 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு கூட, போலீஸ் விசாரணைக்கு ஆஜராகச் சொல்ற நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு சர்வ் பண்ணிட்டோம்னு சொல்லக் கூடாது, சட்டத்துல சொன்ன முறைலதான் கொடுக்கணும்னு எல்லா மாநிலத்துக்கும் சொல்லுச்சு. அது கிரிமினல் கேஸ் சம்பந்தப்பட்டது, நம்ம சர்க்குலருக்கு நேரா பொருந்தாது, இருந்தாலும் போனுக்குப் போச்சுங்கறதும் ஆளுக்குக் கொடுத்தாச்சுங்கறதும் ஒண்ணில்லங்கறது அதுல தெளிவா தெரியுது. அதனால என் கணக்குல நோட்டு இருக்கணும், ஆனா வருஷத்துக்கு முப்பது நாப்பது விஷயத்துக்கு மட்டும். கையெழுத்து தேவைப்படற விஷயத்துக்கு. யோகா தின விழாவுக்கெல்லாம் அந்த அக்காவை வெயில்ல நடக்க விடக் கூடாது.

இப்போ வாட்ஸ்அப். நல்லதை மொதல்ல சொல்லிடறேன். மழை நாள்ல காலைல ஆறு மணிக்கு கலெக்டர் லீவு அறிவிச்சா ஆறு அஞ்சுக்கு எல்லார் போன்லயும் இருக்கு, பஸ் ஏறக் கிளம்பினவங்க திரும்பி வீட்டுக்குப் போயிடலாம், இந்த ஒரு விஷயத்துல அதை அடிச்சுக்க எதுவும் இல்ல. ஒரு குரூப்ல 1024 பேர் வரைக்கும் சேக்கலாம், எங்க கேம்பஸ்ல அவுட்சோர்சிங் ஆளுங்களையும் சேத்தா ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி, ஒரே குரூப்ல அடங்கிடும். அட்மின் மட்டும் மெசேஜ் போடற வசதி 2018-லயே வந்துடுச்சு, அதை ஆன் பண்ணியிருந்தா அந்த லேப் அசிஸ்டன்ட் அண்ணன் கதை நடந்தே இருக்காது. ஆன் பண்ணச் சொன்னா "பெரியவங்க தப்பா நினைப்பாங்க"ன்னு இழுத்தாங்க, அதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

சிக்கல் எங்கன்னு பாத்தா, ஒண்ணு நம்பர். சாதாரண குரூப்ல சேந்த உடனே நம்ம நம்பர் ஆயிரம் பேருக்குத் தெரியும். எங்க மேடம் ரெண்டு பேருக்கு அந்தக் குரூப்ல இருந்து நம்பர் எடுத்து ராத்திரில மெசேஜ் அனுப்பி தொல்லை கொடுத்தது நடந்திருக்கு, கம்ப்ளைன்ட் வரைக்கும் போச்சு. கம்யூனிட்டின்னு ஒண்ணு ஆரம்பிச்சு அதோட அனவுன்ஸ்மென்ட் குரூப்ல போட்டா மெம்பர் நம்பர் மத்த மெம்பருக்குத் தெரியாது, அட்மினுக்கு மட்டும்தான் தெரியும், வாட்ஸ்அப் வச்சே தீரணும்னா இப்படித்தான் வைக்கணும், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. சானல் வைக்கலாம்னு ஒரு சார் சொன்னார், அதுலயும் நம்பர் தெரியாதுதான், ஆனா சானல்ல போடறதை வாட்ஸ்அப் முப்பது நாள் வரைக்கும்தான் சர்வர்ல வச்சிருக்கும், ஜூன்ல போட்ட டிரான்ஸ்ஃபர் பாலிசியை டிசம்பர்ல வேலைக்குச் சேந்தவர் அங்க போய்த் தேட முடியாது. டெலிகிராம்ல அந்தப் பிரச்சனை இல்ல, புதுசா சேந்தவங்க பழசெல்லாம் பாக்கலாம், ஆனா எங்க ஸ்டாஃப்ல கால்வாசிப் பேர் கூட அதை வச்சிருக்கல, ஒரு அறிவிப்புக்காக புதுசா ஒரு ஆப் ஏத்துங்கன்னா அம்பது வயசுக்கு மேல இருக்கறவங்க ஏத்த மாட்டாங்க, அவங்களை வற்புறுத்தறதும் சரியில்ல.

ரெண்டாவது, அட்மின் யாருங்கறது. எங்க குரூப் ஆரம்பிச்சவர் 2021-ல ரிட்டயர் ஆயிட்டார், இன்னைக்கும் அவர் சொந்த நம்பர்தான் அட்மின். யுனிவர்சிட்டி பேர்ல ஒரு சிம் வாங்கி ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ஒரு போன்ல போட்டு வைக்கறதுக்கு மாசம் எவ்வளவு ஆகப் போகுது, ஆனா அதை யாரும் செய்யல.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. போட்டோ. வாட்ஸ்அப்ல வர சர்க்குலர்ல பத்துல எட்டு போட்டோவாத்தான் வருது. எங்க ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் சார் ஒருத்தருக்கு கண் தெரியாது, போன்ல டாக்பேக் போட்டு காதுல வச்சு கேப்பார், மெசேஜா டைப் அடிச்சு வந்தா தமிழாகட்டும் இங்கிலீஷாகட்டும் அது படிச்சுக் காட்டிடும், அவருக்கு யார் உதவியும் வேண்டாம். போட்டோ வந்தா "போட்டோ"ன்னு மட்டும் சொல்லும். ஒருநாள் அவர் ரூம்ல உக்காந்திருந்தேன், குரூப்ல வரிசையா மெசேஜ் வருது, போன் "போட்டோ, போட்டோ, போட்டோ"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு, அவர் அமைதியா கேட்டுட்டு "இதுல எது சர்க்குலர், எது பூங்கொத்துன்னு பாத்துச் சொல்லுங்களேன்"ன்னார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லயே வந்தாச்சு, டைப் அடிச்ச சர்க்குலர் கம்ப்யூட்டர்லயே இருக்கு, அதை அப்படியே ஒட்டி அனுப்பாம பிரின்ட் எடுத்து போட்டோ புடிச்சு அனுப்பறோம்.

ஏன் அப்படிப் பண்றோம்னா அதுக்கு ஃபான்ட் ஒரு காரணம். எங்க ஆபீஸ்ல இன்னும் பல சீட்ல வானவில் ஃபான்ட்லதான் தமிழ் டைப் பண்றாங்க, சில பேர் பாமினி. அதை காப்பி பண்ணி மெசேஜ்லயோ மெயில்லயோ போட்டா கண்டபடி இங்கிலீஷ் எழுத்தா வரும், அதனால பிரின்ட், அதனால போட்டோ. எந்த போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியற எழுத்து முறைதான் யூனிகோட், தமிழ்நாடு அரசு அதை அங்கீகரிச்சது 2010-ல, கோவை செம்மொழி மாநாடு நடந்த அதே வருஷம். யூனிகோட்ல அடிச்சா போன்ல படிக்கலாம், காதுல கேக்கலாம், ஒரு வார்த்தை போட்டு தேடலாம். "சரண்டர் லீவு"ன்னு தேடினா மூணு வருஷ சர்க்குலரும் வரணும், இன்னைக்கு வராது, ஏன்னா எல்லாம் படமா இருக்கு. கமிட்டி என்ன முடிவு எடுத்தாலும் எடுக்கட்டும், யூனிகோட்ல டைப் அடிக்கணும்ங்கற ஒரு வரியை மட்டும் மொத வரியா போடுங்கன்னு சொல்லியிருக்கேன், அது இல்லாம மத்ததெல்லாம் வீண்.

ப்ளூ டிக் பத்தியும் ஒரு வார்த்தை. குரூப்ல யார் பாத்தாங்கன்னு மெசேஜ் இன்ஃபோல தெரியும், நாம செட்டிங்ஸ்ல ரீட் ரிசிப்டை ஆஃப் பண்ணி வச்சிருந்தாலும் குரூப்புக்கு அது செல்லாது, பாத்தது தெரிஞ்சுடும். அதை வச்சு "நீங்க பாத்துட்டீங்க, தெரியாதுன்னு சொல்லாதீங்க"ன்னு ஒரு ஆபீசர் ஒரு கெஸ்ட் லெக்சரர்கிட்ட பேசினதை நான் நேர்ல பாத்தேன். அந்தப் பொண்ணு குழந்தைகிட்ட போனைக் கொடுத்திருந்திருக்கா, குழந்தை திறந்திருக்கு. ப்ளூ டிக்கை கையெழுத்து மாதிரி நடத்தக் கூடாதுன்னு எழுத்துல வரணும். அதே மாதிரி ராத்திரி ஏழு மணிக்கு மேல அறிவிப்பு போடக் கூடாது, புயல் மழை மாதிரி காரணம் இருந்தா ஒழிய. ராத்திரி பத்து மணிக்கு "நாளை காலை 9 மணிக்கு மீட்டிங், தவறாமல் கலந்துகொள்ளவும்"னு வந்தா வீட்ல இருக்கறவங்க தூக்கமும் சேந்து போகுது.

அவசரம்னா எதையும் ஒண்ணை மட்டும் நம்பக் கூடாதுங்கறதுக்கு ரெண்டு மூணு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி வாட்ஸ்அப் ஆறு மணி நேரம் கிட்ட உலகம் முழுக்க நின்னு போச்சு, 2022 அக்டோபர் 25 ரெண்டு மணி நேரம் போல நின்னுச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல சென்னைல பல ஏரியால கரன்ட்டும் இல்ல, போன் சிக்னலும் இல்ல. மெயிலும் அவசரத்துக்கு உதவாது. அமெரிக்கால வர்ஜீனியா டெக் யுனிவர்சிட்டில 2007 ஏப்ரல் 16-ஆம் தேதி காலைல ஏழேகாலுக்கு ஹாஸ்டல்ல ரெண்டு பேரை சுட்டுட்டாங்க, கேம்பஸ் முழுக்க மொத மெயில் போனது 9:26-க்கு, கொஞ்ச நேரத்துலயே கிளாஸ் பில்டிங்ல அடுத்த துப்பாக்கிச் சூடு, அன்னைக்கு மொத்தம் 32 பேர் போயிட்டாங்க. மெயில் லேட்டானது ஒரு பக்கம், கிளாஸ்ல நிக்கிற வாத்தியாரும் பையனும் மெயிலைப் பாத்துக்கிட்டா இருப்பாங்க. அதுக்கப்புறம் 2008-ல அங்க சட்டத்தையே மாத்தி, ஆபத்துன்னு உறுதியானா உடனே கேம்பஸுக்கு எச்சரிக்கை கொடுத்தாகணும்னு கொண்டு வந்தாங்க. நம்ம ஊர்ல அந்த மாதிரி வேணாம், கெமிஸ்ட்ரி லேப்ல கேஸ் லீக் ஆனாலே போதும். அதுக்கு வாட்ஸ்அப், சாதாரண எஸ்எம்எஸ், செக்யூரிட்டி கையில மைக், காலேஜ் பெல், நாலும் சேந்து வேணும்.

மெயிலைப் பத்தி நிறைய எழுத எனக்கு ஒண்ணும் இல்ல. ஃபேகல்ட்டிக்கு நல்லா வேலை செய்யுது, எஃப்டிபி-ங்கற ஆசிரியர் பயிற்சி, ரிசர்ச் ஃபண்ட், சி.ஏ.எஸ். முறைல பதவி உயர்வு அப்ளிகேஷன் மாதிரி அட்டாச்மென்ட்டோட போறதுக்கு அதுதான் சரி, தேடினா கிடைக்கும், தேதி இருக்கும், ஆதாரமா நிக்கும். ஆனா நான்-டீச்சிங்ல பாதிப் பேருக்கு யுனிவர்சிட்டி ஐடியே கொடுக்கல, கொடுத்தவங்கள்லயும் கொரோனா சமயத்துல மீட்டிங்குக்காக ஒருதடவை திறந்ததோட சரி, பாஸ்வேர்டு ஞாபகம் இல்ல. "மெயில் அனுப்பிட்டோமே"ன்னு ஆபீஸ் சொல்லும், டிரைவரும் தோட்டக்காரரும் அதைக் கேட்டு முழிப்பாங்க.

நோட்டீஸ் போர்டை எடுத்துடலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. பணியிடத்துல பெண்களுக்கான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல வந்துச்சே, அதுல இன்டர்னல் கமிட்டி விவரத்தையும் தண்டனை என்னங்கறதையும் வேலை செய்யற இடத்துல கண்ணுல படற மாதிரி வைக்கணும்னு இருக்கு. போன்ல இருந்தா அது ஆகாது. எங்க போர்டு அட்மின் பில்டிங் மாடிப்படி பக்கத்துல, கண்ணாடிக் கதவு போட்டு பூட்டு போட்டது, சாவி யார்கிட்ட இருக்குன்னு தேடறதுக்கே அரை நாள், உள்ள 2022 நோட்டீஸ் மஞ்சளாகிக் கிடக்கு. போர்டு இருக்கணும், ஆனா கேன்டீன் பக்கமும் அட்டெண்டன்ஸ் வைக்கிற இடத்துலயும் இருக்கணும், வாரா வாரம் பழசை எடுக்கணும். வெப்சைட்டும் அப்படித்தான், ஆர்டிஐ சட்டம் 2005, நாலாவது பிரிவு, அரசுப் பல்கலைக்கழகம் கேக்காமலே வெளியிட வேண்டியதுன்னு ஒரு பட்டியலே வச்சிருக்கு, அதை வெளியிட வெப்சைட் வேணும். அங்க போய் தினம் பாருங்கன்னு ஸ்டாஃபைச் சொல்ல முடியாது, ஆனா பழைய சர்க்குலர் எல்லாம் நம்பரோட தேதியோட பத்திரமா இருக்கற அலமாரி அதுவாத்தான் இருக்கணும்.

இப்போ எனக்குப் பிடிச்ச வழிக்கு வரேன். வாரத் தாள். ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி 1870-ல இருந்து கெஜட்னு ஒண்ணு போடுது, கேம்பிரிட்ஜும் அதே 1870-லதான் ரிப்போர்ட்டர்னு ஆரம்பிச்சது, ரெண்டுமே டெர்ம் நடக்கறப்போ வாரம் ஒருமுறை. காலி பணியிடம், சொற்பொழிவு, எக்ஸாம் விதி மாற்றம், கமிட்டி முடிவு எல்லாம் அதுலதான் வரும், அதுல வந்தாதான் யுனிவர்சிட்டியோட அதிகாரபூர்வமான பேச்சு. நூத்தி அம்பது வருஷத்துக்கு மேல ஓடுதுன்னா சும்மா இல்ல. பெரிய டெக்னாலஜி எதுவும் அதுல கிடையாது, என்னைக்கு வரும்னு எல்லாருக்கும் தெரியும், எங்க பாக்கணும்னு தெரியும், அவ்வளவுதான். ஒருத்தர் லீவுல போயிட்டு வந்தாலும் விட்ட ரெண்டு இதழைப் புரட்டினா போதும், நானூறு மெசேஜை மேல தள்ளிக்கிட்டு உக்கார வேண்டாம்.

எங்களுக்கு அவ்வளவு பெருசா வேண்டாம். ரெண்டு பக்கம், ஒவ்வொரு திங்கக்கிழமை காலை பத்து மணி. மேல கொட்டை எழுத்துல இந்த வாரம் கடைசித் தேதி உள்ளதெல்லாம், அதாவது ஃபார்ம் கொடுக்கறது, அப்ளிகேஷன், வரி டிக்ளரேஷன், கீழ மீட்டிங், டிரைனிங், லீவு, அதுக்கும் கீழ ரிட்டயர் ஆகறவங்க, புதுசா சேந்தவங்க, யார் வீட்லயாவது துக்கம்னா அது. வாழ்த்து சொல்ல ஆசைப்படறவங்களுக்கும் அதுல இடம் இருக்கு, நானே அதை விரும்பறேன், கூட வேலை செஞ்சவர் ரிட்டயர் ஆகறதை நாலு வரில மரியாதையா போடறது நல்லதுதானே. ஒவ்வொரு அறிவிப்புக்கும் நம்பர், தமிழ்ல ஒண்ணு இங்கிலீஷ்ல ஒண்ணு, கேள்வி இருந்தா யாரைப் பாக்கணும், எந்த ரூம். ஃபைல் ஒண்ணுதான், அதை மெயில்ல அனுப்பலாம், வாட்ஸ்அப்ல எழுத்தாவே ஒட்டலாம், பிரின்ட் எடுத்து போர்டுல குத்தலாம், வெப்சைட்ல ஏத்தலாம்.

இதுக்கு எதிரா நியாயமா சொல்லக்கூடியது ரெண்டு. ஒண்ணு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த விஷயம் திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும். ஆமா, காத்திருக்கணும். நான் போன வருஷம் நம்பர் போட்ட சர்க்குலரை எல்லாம் எடுத்து வச்சு பாத்தேன், உண்மையிலயே மூணு நாள் காத்திருக்க முடியாததுன்னு பாத்தா ரொம்பக் கொஞ்சம், மீதி எல்லாம் ஃபைல் டேபிள்ல தூங்கினதால அவசரமானது. திங்கக்கிழமை தாளுக்கு வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள கொடுங்கன்னா ஒவ்வொரு செக்‌ஷனும் முன்கூட்டி யோசிக்கும். ரெண்டாவது, யார் போடறது. இதுதான் நிஜமான சிக்கல். எங்க கணக்குக்கு ஒரு அசிஸ்டன்ட்டுக்கு வாரம் ஒண்ணரை நாள் வேலை, தமிழும் இங்கிலீஷும் நல்லா எழுதத் தெரிஞ்சவங்களா இருக்கணும், ஒரு ஃபேகல்ட்டி மேல இருந்து பாத்துக் கொடுக்கணும். இதை கூடுதல் வேலையா ஒருத்தர் தலையில கட்டினா மூணு மாசத்துல நின்னுடும், அந்த சீட்ல இருந்து வேற வேலையை எடுத்துட்டுத்தான் இதைக் கொடுக்கணும். அப்படிக் கொடுக்க மனசில்லன்னா வாரத் தாளே ஆரம்பிக்காதீங்கன்னு கமிட்டிலயே சொல்லிட்டேன்.

இவ்வளவும் சொல்லியாச்சு, இன்னும் ஒரு நூத்தி அம்பது பேர் பாக்கி. காலைல ஆறு மணிக்கு வந்து மத்தியானம் ரெண்டு மணிக்குக் கிளம்பற துப்புரவுப் பணியாளர்கள், தோட்ட வேலை, நைட் வாட்ச்மேன். பாதிப் பேர்கிட்ட பட்டன் போன், ஸ்மார்ட்போன் இருந்தா அதை வீட்ல பசங்க வச்சிருக்காங்க. ரெண்டு வருஷம் முன்னாடி கேம்பஸ்ல கண் பரிசோதனை முகாம் வச்சோம், இலவசக் கண்ணாடி, யாருக்காகன்னா முக்கியமா இவங்களுக்காகத்தான். மெயில் போச்சு, குரூப்ல போச்சு, போர்டுல ஒட்டினோம். வந்தவங்கள்ல இவங்க எண்ணி ஒம்பது பேர். மறுநாள் காலைல வராந்தா பெருக்கிட்டிருந்த அம்மாகிட்ட "ஏம்மா நீங்க வரல"ன்னு கேட்டேன், "யாரு சொன்னாங்க சாமி எங்களுக்கு"ன்னாங்க. அவங்க பெருக்கற அதே வராந்தாவுலதான் போர்டு இருக்கு, அவங்களுக்கு எழுத்துக் கூட்டி படிக்க கஷ்டம், கண்ணும் சரியாத் தெரியல.

அடுத்த தடவை தடுப்பூசி முகாம் வந்தப்போ வேற ஒண்ணும் பண்ணல, எங்க எஸ்டேட் ஆபீஸ் சூப்பர்வைசர் காலைல ஆறேகாலுக்கு மஸ்டர் ரோல் எடுக்கற இடத்துல, அந்தப் புளிய மரத்தடில, பேர் கூப்பிட்டு முடிச்சதும் ரெண்டு நிமிஷம் வாயால சொன்னார், என்னைக்கு, எங்க, எத்தனை மணிக்கு, ஆதார் கொண்டு வாங்க, வேலை நேரத்துலயே போகலாம் சம்பளம் பிடிக்க மாட்டோம். அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம், எந்த சர்க்குலர்லயும் அதை நாங்க எழுதினதே இல்ல. நூறு பேருக்கு மேல வந்தாங்க. ஒருத்தர் சந்தேகம் கேட்டா அங்கயே பதில், ரெண்டு பேர் லீவுன்னா பக்கத்து வீட்டுக்காரங்க போய்ச் சொல்லிடறாங்க. நான் பாத்த வழிகள்லயே கடைசி ஆள் வரைக்கும் அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேந்தது அது ஒண்ணுதான், செலவு ஒரு பைசா இல்ல.

அதனால நான் எழுதிக் கொடுத்திருக்கறது இதுதான். வாரத் தாளை மையமா வைங்க. அன்னன்னைக்கு மழை, கரன்ட், ஆபத்து மாதிரி விஷயத்துக்கு மட்டும் வாட்ஸ்அப் அனவுன்ஸ்மென்ட் குரூப், அட்மின் மட்டும் போடற மாதிரி, யுனிவர்சிட்டி நம்பர்ல, எழுத்தா மட்டும், கூடவே எஸ்எம்எஸ். பணமோ பதவியோ தண்டனையோ சம்பந்தப்பட்டதுக்கு சர்க்குலர் நோட்டும் கையெழுத்தும். திங்கக்கிழமை தாள்ல இருக்கறதை செவ்வாய்க்கிழமை ஆறேகாலுக்கு மஸ்டர் ரோல்ல வாசிச்சுக் காட்டணும், அதை சூப்பர்வைசரோட வேலைப் பட்டியல்ல எழுத்துல சேக்கணும், அவர் நல்ல மனசு இருந்தா செய்வார்னு விடக் கூடாது. வாட்ஸ்அப் மட்டும் போதும்னு சொன்ன சார்ங்க ரெண்டு பேர் இதைப் படிச்சுட்டு வாரத் தாளுக்கு ஒத்துக்கிட்டாங்க, ஒருத்தர் இன்னும் சானல்தான் வேணும்ங்கறார், அடுத்த மீட்டிங்ல பேசணும். ஃபைனான்ஸ்ல இருந்து மட்டும் ஒரு கேள்வி வந்திருக்கு, மஸ்டர் ரோல்ல வாசிக்கிற அந்த ரெண்டு நிமிஷம் வேலை நேரத்துல சேருமா சேராதான்னு. சேரும்னு குறிப்பு எழுதி, ஃபைலை நேத்துதான் ரிஜிஸ்ட்ரார் டேபிளுக்கு அனுப்பியிருக்கேன்.